நொதியைத் தடுத்தும் புற்றுநோய் ஏன் நிற்கவில்லை?

கேள்வி இதுதான்: புற்றுநோய்ச் செல்கள் தம்மைச் சுற்றியுள்ள வலையை நொதிகளால் கரைத்துக்கொண்டுதான் பரவுகின்றன என்று எல்லா இடத்திலும் படிக்கிறோம். அப்படியானால் அந்த நொதிகளைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் பரவல் நின்றிருக்க வேண்டுமே, ஏன் நிற்கவில்லை?

1990-களில் பல மருந்து நிறுவனங்கள் போட்டதும் இதே கணக்குதான். கணக்கு எங்கே தப்பியது என்று பார்த்தால், இந்த நொதிகள் உடம்புக்குள் என்னதான் செய்கின்றன என்பதும் கூடவே விளங்கிவிடும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "கரைத்து வழி உண்டாக்குகின்றன" என்பது இந்த நொதிகள் செய்யும் வேலையில் ஒரு பகுதி மட்டுமே. அந்த வலையில் செல்களுக்கான உத்தரவுகளும் சேமிக்கப்பட்டிருக்கின்றன. நொதி வெட்டும்போது அந்த உத்தரவுகள் மாறுகின்றன. எந்த நொதி, எப்போது, எந்தச் செல்லிடமிருந்து வந்தது என்பதைப் பொறுத்து நோய் வளரவும் செய்யும், அடங்கவும் செய்யும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

செல்களுக்கு இடையிலும் அடியிலும் புரதங்களும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளும் பின்னிய ஒரு வலை இருக்கிறது. இதுதான் செல்புற மேட்ரிக்ஸ். இனி மேட்ரிக்ஸ் என்றே எழுதுகிறேன். செல்களே சுரந்து, செல்களே கட்டிக்கொள்வது அது. கொலாஜன், லாமினின், ஃபைப்ரோனெக்டின், ஹயலுரோனன் என்று அதில் பல பொருட்கள் உண்டு. கொலாஜனில் மட்டுமே 28 வகை. மார்பகக் குழாய், குடல், தோல் போன்றவற்றின் உட்புறத்திலும் மேற்புறத்திலும் இருக்கும் எபிதீலியச் செல்களுக்கு அடியில் இந்த மேட்ரிக்ஸ் ஒரு மெல்லிய விரிப்பாக அமைந்திருக்கும். அதற்கு அடித்தளச் சவ்வு என்று பெயர். நான்காம் வகைக் கொலாஜனும் லாமினினும்தான் அதன் முக்கியப் பொருட்கள். பெரும்பாலான இடங்களில் ஒரு மைக்ரோமீட்டர்கூடத் தடிமன் இராது. ஆனாலும் பயாப்ஸி அறிக்கையில் 'இன் சிட்டு' (தோன்றிய இடத்திலேயே இருப்பது) என்று வருமா, 'இன்வேசிவ்' (ஊடுருவிவிட்டது) என்று வருமா என்பதைத் தீர்மானிப்பது அந்தச் சவ்வுதான். செல்கள் எத்தனை விகாரமாக மாறியிருந்தாலும் அதற்கு மேலேயே நின்றுவிட்டால் அவை வேறு உறுப்புக்குப் போக வழியில்லை. தாண்டிவிட்டால் சிகிச்சையின் திட்டமே வேறு.

அதனால்தான் அதைத் தாண்டுவது எப்படி என்ற கேள்வி ஆய்வாளர்களை இவ்வளவு காலம் பிடித்து வைத்திருந்தது. லான்ஸ் லியோட்டாவும் சகாக்களும் 1980-இல் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார்கள். எலிக் கட்டிகளில் எந்த வகை அதிகம் பரவுகிறதோ, அந்த வகைச் செல்களுக்கு நான்காம் வகைக் கொலாஜனைச் சிதைக்கும் திறனும் அதிகமாக இருந்தது. நொதியைத் தடுத்தால் பரவல் நிற்கும் என்ற நம்பிக்கைக்கு வித்திட்ட முக்கியமான ஆய்வுகளில் இது ஒன்று.

நொதிகள் அதற்கும் முன்பே தெரிந்தவை, அதுவும் புற்றுநோய்க்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில். தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் மறைந்துவிடுகிறதே, அத்தனை கொலாஜனும் எங்கே போகிறது என்று தேடிய ஜெரோம் கிராஸ், சார்ல்ஸ் லாபியேர் இருவரும் 1962-இல் அதைச் சிதைக்கும் நொதியைக் கண்டுபிடித்தார்கள். இன்று அந்தக் குடும்பத்துக்கு மேட்ரிக்ஸ் மெட்டல்லோபுரோட்டினேஸ், சுருக்கமாக எம்.எம்.பி., என்று பெயர். மனிதரில் 23 இருக்கின்றன. எல்லாவற்றிலும் வெட்டும் இடத்தில் ஒரு துத்தநாக அயனி உண்டு. குழந்தை கருவில் உருவாவதும் காயம் ஆறுவதும் எலும்பு வளர்வதும் இவை இல்லாமல் நடக்காது. பின்னால் மருந்துகள் பட்ட பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம்.

கொலாஜன் மூலக்கூறு என்பது மூன்று இழைகள் முறுக்கிய முப்புரிக் கயிறு மாதிரி. முறுக்கு அவ்வளவு இறுக்கமாக இருப்பதால் சாதாரணப் புரத நொதிகளால் அதை அசைக்க முடியாது. எம்.எம்.பி-1, 8, 13, 14 போன்ற சில மட்டும் அதைக் குறிப்பிட்ட ஒரே இடத்தில் வெட்டும். நீளத்தில் முக்கால் பங்கு ஒரு துண்டு, கால் பங்கு இன்னொரு துண்டு. வெட்டுப்பட்டதும் உடல் வெப்பத்திலேயே முறுக்கு தானாகப் பிரிந்துவிடும். பிரிந்த இழைகளை அப்புறம் எம்.எம்.பி-2, எம்.எம்.பி-9 ஆகியவை சின்னச் சின்னதாக நறுக்கும்.

இந்த எம்.எம்.பி-2 எப்படி வேலைக்கு வருகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். செல் அதை வெளியே விடும்போது அது செயலற்ற நிலையில்தான் இருக்கும். அதன் முன்பகுதியில் இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஒன்று துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு வெட்டும் வாயை அடைத்து வைத்திருக்கிறது. அந்த முன்பகுதியை வெட்டி எறிவது, செல்லின் மேற்பரப்பிலேயே பதிந்திருக்கும் எம்.எம்.பி-14 என்ற இன்னொரு நொதி. ஆய்வாளர் மோட்டோஹாரு செய்கியின் குழு 1994-இல் கண்டுபிடித்தது இது. ஆனால் அது நேரடியாக வெட்டுவதில்லை. முதலில் ஒரு எம்.எம்.பி-14-உடன் டிம்ப்-2 என்ற புரதம் போய் ஒட்டிக்கொள்கிறது. டிம்ப்-2-இன் மறுமுனை எம்.எம்.பி-2-ஐப் பிடித்து நிறுத்துகிறது. பக்கத்தில் சும்மா இருக்கும் இன்னொரு எம்.எம்.பி-14 வந்து முன்பகுதியை வெட்டிவிடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், டிம்ப்-2 என்பது உடம்பே தயாரிக்கும் எம்.எம்.பி. தடுப்பான்! தடுப்பான் அளவோடு இருந்தால் நொதி விழித்துக்கொள்கிறது, அளவுக்கு மிஞ்சினால் அடங்கிப்போகிறது. இந்த ஒரு விவரம் தெரிந்தாலே, "தடுப்பானைக் கூட்டு, நொதி குறையும்" என்ற எளிய கணக்கின் மேல் சந்தேகம் வந்துவிட வேண்டும்.

இதே மாதிரி இன்னொன்றும் உண்டு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் பிளாஸ்மின் என்ற நொதி மேட்ரிக்ஸையும் சிதைக்கும். அதை விழிக்கச் செய்வது யூரோகைனேஸ் என்ற இன்னொரு நொதி. யூரோகைனேஸைத் தடுக்க உடம்பில் இருப்பது பி.ஏ.ஐ-1 என்ற புரதம். தடுப்பான் கூடுதலாக இருந்தால் நோயாளிக்கு நல்லது என்றுதானே தோன்றும்? மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளில் பி.ஏ.ஐ-1 அதிகம் இருந்தவர்களுக்கு நோய் திரும்பி வரும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. இது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம்.

சரி, இந்த நொதிகளைச் சுரப்பது யார்? புற்றுநோய்ச் செல் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டிக்குள் இருக்கும் சாதாரணச் செல்கள்தான் பெரும்பகுதியைச் சுரக்கின்றன. நார்த்திசுவைக் கட்டும் ஃபைப்ரோபிளாஸ்ட், நோய் எதிர்ப்புச் செல்களான மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில் ஆகியவை. 1990-இல் மார்பகப் புற்றுநோயில் எம்.எம்.பி-11 கண்டுபிடிக்கப்பட்டபோதே அது கட்டியைச் சுற்றியுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட்களில்தான் தென்பட்டது. காயத்தை ஆற்ற வந்த பணியாட்களைக் கட்டி தன் வேலைக்குத் திருப்பிக்கொள்கிறது. ஒரு கட்டியைப் புற்றுநோய்ச் செல்களின் குவியலாக மட்டும் பார்ப்பது போதாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இப்போது உத்தரவுகளுக்கு வருவோம். வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் சமிக்ஞைப் புரதங்கள் பலவும் மேட்ரிக்ஸில் ஒட்டிக்கொண்டு செயலற்றுக் கிடக்கும். வி.இ.ஜி.எஃப். என்ற காரணி அவற்றில் ஒன்று. புதிய ரத்தநாளங்களை வளரச் செய்வது அதுதான். எலிகளின் கணையத்தில் உருவாகும் கட்டிகளை வைத்து 2000-இல் டக்ளஸ் ஹனஹானின் குழு செய்த ஆய்வில் ஒன்று தெரிந்தது. கட்டிக்கு ரத்தநாளம் முளைக்கும் கட்டத்தில் வி.இ.ஜி.எஃப்-இன் அளவு கூடவே இல்லை. ஏற்கெனவே மேட்ரிக்ஸில் பிடிபட்டிருந்ததை எம்.எம்.பி-9 விடுவித்தது, அவ்வளவுதான். ரத்தநாளம் இல்லாமல் கட்டி சில மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அதே எம்.எம்.பி-9 நான்காம் வகைக் கொலாஜனை வெட்டும்போது டும்ஸ்டாட்டின் என்ற துண்டும் வெளிவருகிறது. அது ரத்தநாள வளர்ச்சியை அடக்கும்! பதினெட்டாம் வகைக் கொலாஜனிலிருந்து வரும் எண்டோஸ்டாட்டினும் அப்படித்தான். வெட்டுவது ஒரே நொதி. வளர்க்கும் செய்தியும் வரும், அடக்கும் செய்தியும் வரும்.

எம்.எம்.பி-3 இன்னும் ஒரு படி மேலே போகிறது. புற்றுநோயே இல்லாத எலிகளின் மார்பகத்தில் அதை அளவுக்கு மீறிச் சுரக்க வைத்தபோது கட்டிகளே உண்டாயின. செல்லை அண்டைச் செல்லோடு பிணைக்கும் ஈ-காட்ஹெரினை அது வெட்டுகிறது. செல்லின் வடிவம் குலைகிறது. உள்ளே ஆக்ஸிஜன் சார்ந்த நச்சு மூலக்கூறுகள் பெருகி டி.என்.ஏ. சேதப்படுகிறது. நோயின் கடைசிக் கட்டத்தில்தான் இந்த நொதிகளுக்கு வேலை என்று நினைத்திருந்தவர்களை இந்த ஆய்வுகள் திரும்பிப் பார்க்க வைத்தன.

இவ்வளவும் வெட்டும் கதை. கட்டும் நொதிகளும் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பொதுவாக யாரும் பேசுவதில்லை, அது எனக்கு நெடுநாள் குறை. மார்பகத்தில் கட்டி இருப்பது கைக்குத் தட்டுப்படுகிறதே, ஏன்? அங்கே கொலாஜன் கூடுதலாகச் சேர்ந்து, இழையோடு இழை பிணைந்து இறுகியிருப்பது ஒரு பெரிய காரணம். அந்தப் பிணைப்பைப் போடுவது லைசில் ஆக்ஸிடேஸ் என்ற தாமிரம் சார்ந்த நொதி. 2009-இல் வேலரி வீவரின் குழு, எலிகளில் இந்த நொதியைத் தடுத்தால் திசு இறுகுவது குறைவதையும், கட்டி முற்றுவது தாமதப்படுவதையும் காட்டியது. இறுகிய மேட்ரிக்ஸை இன்டெக்ரின் என்ற ஏற்பிகள் வழியாகச் செல் உணர்கிறது. உணர்ந்ததும் அதற்குள் வளர்ச்சிக்கான சமிக்ஞைகள் ஓங்குகின்றன.

வெட்டுவதும் கட்டுவதும் ஒரே கட்டியில் எப்படி ஒன்றாக நடக்கும் என்று கேட்கலாம். ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்கின்றன என்பதுதான் பதில். கட்டியின் நடுவில் ஆக்ஸிஜன் குறையும்போது லைசில் ஆக்ஸிடேஸ் அதிகமாகச் சுரக்கிறது. ஜானின் எர்லர் முதலியோர் எலிகளில் கண்டபடி, அது ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய் அங்குள்ள அடித்தளச் சவ்வின் கொலாஜனைப் பிணைக்கிறது. பிணைந்த இடத்தில் எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்த செல்கள் ஒட்டுகின்றன. அந்தச் செல்கள் எம்.எம்.பி-2-ஐச் சுரக்கின்றன. புற்றுநோய்ச் செல் ஒன்றுகூட வந்து சேர்வதற்கு முன்பே அதற்கு இடம் தயாராகிறது! இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என்னை இன்னமும் அசர வைக்கும் கண்டுபிடிப்பு இது.

இனி மருந்துகள். பேட்டிமாஸ்டாட், மாரிமாஸ்டாட், டானோமாஸ்டாட், பிரினோமாஸ்டாட் என்று வரிசையாக வந்தன. அடிப்படை உத்தி ஒன்றுதான்: நொதியின் துத்தநாகத்தைப் போய்ப் பிடித்துக்கொள்வது. எல்லா எம்.எம்.பி-க்கும் துத்தநாகம் உண்டு என்பதால் இவற்றில் பல, நல்லது கெட்டது பார்க்காமல் அநேகமாக எல்லாவற்றையும் தடுத்தன. எலிகளில் நன்றாகவே வேலை செய்தன. மனிதரில் நடந்தது வேறு. மாரிமாஸ்டாட் எடுத்துக்கொண்டவர்களுக்குத் தோளிலும் கைமூட்டுகளிலும் வலியும் இறுக்கமும் வந்தன. மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று. இரைப்பைப் புற்றுநோயில் சிறு பலன் தெரிந்ததைத் தவிரச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. டானோமாஸ்டாட் விஷயம் இன்னும் மோசம். கணையப் புற்றுநோய்ப் பரிசோதனையில் வழக்கமான கீமோ மருந்தான ஜெம்சிட்டபின் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) சுமார் 6.6 மாதம், டானோமாஸ்டாட் பெற்றவர்களுக்குச் சுமார் 3.7 மாதம். சிறுசெல் நுரையீரல் புற்றுநோயில் மருந்து பெற்றவர்கள் டம்மி மாத்திரை பெற்றவர்களைவிடச் சீக்கிரமாகச் சரிந்ததால் பரிசோதனையையே நிறுத்தினார்கள்.

பாதியில் தெரிந்த உயிரியலை வைத்துக்கொண்டு, வேறு வழியில்லாத நோயாளிகளிடம் போனதன் விளைவு இது என்றே நான் கருதுகிறேன். முதலாவது, எலிகளுக்கு மருந்து கொடுத்தது நோய் தொடங்கும் கட்டத்தில். மனிதருக்குக் கொடுத்தது நோய் ஏற்கெனவே பல உறுப்புகளுக்குப் பரவி முடிந்த பிறகு. பரவுவதைத் தடுக்கும் மருந்துக்கு அங்கே வேலையே குறைவு.

அடுத்தது, தடுத்த நொதிகளில் சில நமக்குக் காவலாக இருப்பவை. எம்.எம்.பி-8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நியூட்ரோஃபில்கள் சுரப்பது. அந்த மரபணுவை நீக்கிய ஆண் எலிகளுக்குத் தோல் கட்டிகள் அதிகம் வந்தன என்று 2003-இல் லோப்பஸ்-ஓட்டினின் குழு காட்டியது. அந்த நொதி இருக்கும் எலிகளின் எலும்பு மஜ்ஜையை வைத்ததும் பாதுகாப்பு திரும்பியது. அப்படிப்பட்ட நொதியையும் சேர்த்துத் தடுத்தால் நோயாளிக்கு நாமே கெடுதல் செய்கிறோம்.

செல்லின் நடைக்கும் இதில் பங்குண்டு. வெட்டும் வழியை அடைத்தால் செல் வெறுமனே நின்றுவிடுவதில்லை. பீட்டர் ஃபிரீடலின் குழு 2003-இல் படம்பிடித்துக் காட்டியது: நொதிகளைத் தடுத்ததும் சில புற்றுநோய்ச் செல்கள் நீண்ட வடிவத்தை விட்டு உருண்டு, அமீபா மாதிரி உடம்பை நெளித்து இழைகளின் இடுக்கு வழியாக நகர ஆரம்பித்தன. அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. செல்லின் மற்ற பகுதிகள் எப்படியும் நெளியும், உட்கரு அந்த அளவுக்கு நெளியாது. உட்கருவின் குறுக்குப் பரப்பை அதன் இயல்பான அளவில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும்தான் நெருக்க முடியும். இடுக்கு அதைவிடச் சின்னதாக இருந்தால், வெட்ட முடியாத செல் அங்கேயே நின்றுவிடும் என்று அதே குழு 2013-இல் அளந்தது. ஆக, நொதி எவ்வளவு அவசியம் என்பது அந்தந்தத் திசுவின் நெருக்கத்தைப் பொறுத்தது.

ஒரே ஒரு நொதியை மட்டும் குறிவைத்தால் சரியாகிவிடுமா? எம்.எம்.பி-9-ஐ மட்டும் தடுக்கும் ஆண்டிபாடியான ஆன்டெகாலிக்ஸிமாப் இரைப்பைப் புற்றுநோயில் மூன்றாம் கட்டப் பரிசோதனை வரை போயும் ஆயுளைக் கூட்டவில்லை. லைசில் ஆக்ஸிடேஸ் குடும்பத்து நொதி ஒன்றைத் தடுக்கும் சிம்டுசுமாபும் கணையப் புற்றுநோயில் உதவவில்லை. நேர்மாறான யோசனையும் வந்தது. கணையக் கட்டியில் ஹயலுரோனன் என்ற சர்க்கரைச் சங்கிலி மண்டிக்கிடப்பதால்தான் மருந்து உள்ளே நுழையவில்லை, அதனால் அதைக் கரைக்கும் நொதியையே மருந்தாகக் கொடுப்போம் என்றார்கள். கட்டி சுருங்கியவர்கள் எண்ணிக்கை கூடியது, ஆயுள் கூடவில்லை. 2019-இல் வெளியான முடிவின்படி நொதி சேர்த்துப் பெற்றவர்களுக்கு இடைநிலை ஆயுள் 11.2 மாதம், சேர்க்காதவர்களுக்கு 11.5 மாதம். எலிகளின் கணையக் கட்டியில் சுற்றியுள்ள நார்த்திசுச் செல்களை நீக்கியபோது கட்டி இன்னும் மூர்க்கமானது என்று 2014-லேயே இரண்டு குழுக்கள் எச்சரித்திருந்தன.

இத்தனைக்குப் பிறகும் இந்தத் துறையில் எனக்கு நம்பிக்கை இருப்பதற்குக் காரணம், மிகாலா எகெப்ளாடின் குழு 2018-இல் வெளியிட்டது மாதிரியான ஆய்வுகள். சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்து நோய் திரும்புவது, எங்கோ உறங்கிக்கிடந்த செல்கள் விழிப்பதால்தான். அவற்றை எழுப்புவது எது? எலிகளின் நுரையீரலில் புகையிலைப் புகையால் நெடுநாள் அழற்சி உண்டானபோது, நியூட்ரோஃபில்கள் தம் டி.என்.ஏ-வையே வலையாக வெளியே வீசின. அந்த வலையில் ஒட்டியிருந்த எலாஸ்டேஸ் என்ற நொதி முதலில் லாமினினை வெட்டியது, பிறகு எம்.எம்.பி-9 வெட்டியது. இப்படி இரண்டு முறை வெட்டுப்பட்ட லாமினினில் புதிதாக ஒரு பகுதி வெளியே தெரிந்தது. அதைத் தொட்ட உறங்கும் செல்கள் பெருகத் தொடங்கின. வெட்டுப்பட்ட லாமினினின் அந்தப் பகுதியை மட்டும் ஆண்டிபாடியால் மூடியபோது செல்கள் எழவில்லை. நொதியை அது சும்மா விட்டுவிடுகிறது. நொதி உண்டாக்கிய செய்தியை மட்டும் மறிக்கிறது. இனி மருந்து தேடுகிறவர்கள் இந்தத் திசையில்தான் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

இடையில் ஒன்று. "எம்.எம்.பி-9-ஐக் குறைக்கிறது" என்று விளம்பரப்படுத்தி விற்கும் சத்து மாத்திரைகளை நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள். ஆய்வகத் தட்டில் வளரும் செல்களில் ஒரு பொருள் நொதியைக் குறைப்பது மிகச் சாதாரணம். எவ்வளவோ கவனமாக வடிவமைத்த மருந்துகளே மனிதரில் தோற்றதை மேலே பார்த்தோம். ரத்தத்தில் எம்.எம்.பி-9 கூடியிருப்பதை வைத்துப் புற்றுநோய் என்று பயப்படவும் வேண்டாம். தொற்று, காயம், மூட்டழற்சி, இதயநோய் எதிலும் அது கூடும்.

தடுப்பதற்குப் பதிலாக நொதியின் வேலையையே பயன்படுத்திக்கொள்ளும் வழி ஒன்று ஏற்கெனவே மருத்துவமனைக்குள் வந்துவிட்டது. மார்பகத்தில் கட்டியை மட்டும் நீக்கும் அறுவை சிகிச்சையில், ஓரத்தில் கொஞ்சம் நோய் மிச்சமிருந்துவிடுமோ என்பதுதான் பெரிய கவலை. மிச்சமிருந்தால் இன்னொரு அறுவை சிகிச்சை. பெகுலிசியானின் என்ற பொருளை அறுவை சிகிச்சைக்குச் சில மணி நேரம் முன்பு ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். அதில் ஒளிரும் சாயமும் அதன் ஒளியை அடக்கி வைக்கும் பகுதியும் பெப்டைடு என்ற ஒரு சிறு புரதத் துண்டால் இணைக்கப்பட்டிருக்கின்றன. கட்டிப் பகுதியில் அதிகமாகச் செயல்படும் கதெப்சின் என்ற புரத நொதிகளும் எம்.எம்.பி-களும் அந்தப் பெப்டைடை வெட்டியதும் சாயம் ஒளிர ஆரம்பிக்கும். கட்டியை எடுத்த குழிக்குள் கையடக்கக் கருவியை வைத்துப் பார்த்து, ஒளிரும் இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் திசுவை அங்கேயே எடுத்துவிடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஏப்ரலில் இதற்கு அனுமதி கொடுத்தது. அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்ற எச்சரிக்கை அதோடு சேர்ந்தே இருக்கிறது, ஆகவே அதைச் சமாளிக்கும் ஏற்பாட்டுடன்தான் கொடுக்க வேண்டும்.